செகண்ட் ஹேண்ட் தார், ஞாயிற்றுக்கிழமை மண் பாதை: எந்த இன்சூரன்ஸ் எடுப்பது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். மூன்று வருஷம் முடிந்த டீசல் மஹிந்திரா தார் ஜீப் ஒன்றைக் கோபியில் ஒருவரிடம் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பழைய ஓனர் வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு போட்டு இழுக்கும் மோட்டார்), கூடுதல் விளக்குகள், முன்னால் இரும்பு பம்பர், பெரிய டயர் எல்லாம் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளிலும் பர்கூர் மலைப் பக்கமும் ஓட்டப் போகிறீர்கள். ஆழியாறு பக்கம் மச்சான் தோட்டத்தில் ஒரு ஏடிவி, அதாவது மண் தரையில் ஓட்டும் நான்கு சக்கர பைக், நிற்கிறது. பழைய ஓனர் எடுத்த பாலிசி அடுத்த மாதம் முடிகிறது. கையில் இரண்டு கோட்டேஷன்: ஒன்று 22,900 ரூபாய், இன்னொன்று 31,400 ரூபாய். எதை எடுப்பது?

நான் கோயமுத்தூரை மையமாக வைத்து இருபது வருஷம் மோட்டார் சர்வேயராக, அதாவது இன்சூரன்ஸ் கிளைமுக்காக வண்டிச் சேதத்தை மதிப்பிடுகிறவராக, வேலை பார்த்தவன். மலையிலும் பள்ளத்திலும் அடிபட்ட ஜீப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கிளைம் நின்றுபோன வண்டிகளில் பெரும்பாலானவற்றில் குறை பிரீமியத்தில் இருக்காது. வண்டி ஒரு மாதிரி நிற்கும், பாலிசியில் வேறு மாதிரி எழுதியிருக்கும். அதனால் விலையை ஒப்பிடுவதற்கு முன் வண்டியையும் பேப்பரையும் ஒப்பிட்டுவிடலாம்.

முதலில் அவசரமானது. வண்டி கை மாறினால், மாறிய தேதியிலிருந்து 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்ட் பார்ட்டி பகுதி, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் பாதிப்புக்கான பகுதி, வண்டியோடு தானாகவே உங்களிடம் வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. பழைய ஓனர் பெயரில் பாலிசி இருக்கும்போது வண்டி உருண்டால், அவர் வண்டியை விற்றுவிட்டதால் அவருக்கு நஷ்டம் இல்லை, உங்களுக்குக் கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லை. இரண்டு பேருக்கும் பணம் வராது. 'ஆர்சி அப்புறம் மாத்திக்கலாங்க' என்று சொல்லி ஆறு மாதம் ஓட்டுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே மூன்று வாரம் போய்விட்டது.

இதோடு ஒட்டியது நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாத வருஷங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. அது வண்டிக்கு உரியதில்லை, ஆளுக்கு உரியது. பழைய ஓனர் சம்பாதித்த போனஸ் அவரோடு போய்விடும். உங்கள் கோட்டேஷனில் 25 சதவீதமோ 35 சதவீதமோ போனஸ் கழித்திருந்தால், 'இது யாருடைய போனஸ்' என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். தவறான போனஸைச் சொல்லி எடுத்த பாலிசி கிளைம் நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். நீங்கள் உங்களுடைய பழைய காரை விற்றிருந்தால், அந்த போனஸுக்குச் சான்று வாங்கி மூன்று வருஷத்துக்குள் இந்த வண்டிக்குக் கொண்டு வரலாம்.

சரி, இப்போது கோட்டேஷனுக்கு வருவோம். 1500 சிசிக்கு மேற்பட்ட தனியார் காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 7,897 ரூபாய். 2022 ஜூன் 1 முதல் அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொகை அது. உங்கள் இரண்டு கோட்டேஷனிலும் இதே தொகைதான் இருக்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 9,318 ரூபாய். இதில் எந்தக் கம்பெனியும் தள்ளுபடி தர முடியாது. ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது மீதித் தொகைக்கு என்ன கிடைக்கிறது என்பதை மட்டும்தான்.

22,900 ரூபாய்க் கோட்டேஷனில் ஐடிவி 8.2 லட்சம். 31,400 ரூபாய்க் கோட்டேஷனில் 9.6 லட்சம், அதோடு பம்பர் டு பம்பர், தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் கைகொடுக்கும் இன்ஜின் புரொடெக்‌ஷன். ஐடிவி என்பது வண்டி திருடு போனாலோ முழுக்க நொறுங்கினாலோ கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை. மூன்றிலிருந்து நான்கு வருஷ வண்டிக்கு, வண்டி தயாரித்த கம்பெனியின் புது வண்டி விலையில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பது வழக்கம். இன்றைய விலை 16 லட்சம் என்று வைத்தால் 9.6 லட்சம் வரும். 8.2 லட்சம் என்பது பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக இறக்கியது.

ஐடிவி குறைந்தால் திருட்டுக்கு மட்டும்தான் நஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். மலையில் ஓடும் ஜீப்புக்கு வேறொரு நஷ்டமும் உண்டு. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டம் என்று எழுதிவிடுவார்கள். உங்கள் தார் ஒரு கரட்டுச் சரிவில் பக்கவாட்டில் இரண்டு தடவை உருண்டது, ரிப்பேர் மதிப்பீடு 6.5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐடிவி 9.6 லட்சம் என்றால் எல்லை 7.2 லட்சம், வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பி வரும். ஐடிவி 8.2 லட்சம் என்றால் எல்லை 6.15 லட்சம். ஆசையாக வாங்கிய வண்டியைக் கொடுத்துவிட்டு, சந்தையில் அதே வண்டியைத் திரும்ப வாங்கப் போதாத பணத்தோடு நிற்பீர்கள்.

பம்பர் டு பம்பர் என்று நாம் சொல்வது உதிரி பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி. உங்கள் வயது வண்டிக்குச் சாதாரண பாலிசியில் இரும்புப் பாகத்துக்கு 25 சதவீதம், பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. ஒரு மரத்தில் லேசாக மோதி ஃபெண்டர் 12,000, பிளாஸ்டிக் பாகங்கள் 16,000, ஹெட்லைட் 10,000 என்று 38,000 ரூபாய் பில் வருகிறது என்று வைப்போம். ஃபெண்டரில் 3,000, மற்றவற்றில் 13,000 கழியும். அதற்கு மேல் 1500 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குக் கட்டாயமாக நம் கையிலிருந்து போடும் 2,000. ஆக உங்கள் பங்கு 18,000. பம்பர் டு பம்பர் இருந்தால் அந்த 2,000 மட்டும்தான். இரண்டு கோட்டேஷனுக்கும் உள்ள வித்தியாசம் 8,500 ரூபாய். மண் பாதையில் ஓடும் வண்டிக்கு வருஷத்தில் ஒரு தடவை இப்படி உரசாமல் இருக்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆனால் வருஷத்துக்கு எத்தனை கிளைமுக்கு இந்தச் சலுகை என்று பாலிசியில் எண் போட்டிருப்பார்கள். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் நேராகக் கேட்ட விஷயம்: தார் ரோட்டை விட்டு இறங்கினால் இன்சூரன்ஸ் செல்லுமா? தனியார் கார் பாலிசியின் பொதுவான வாசகத்தில் 'மண் பாதையில் ஓட்டினால் செல்லாது' என்று ஒரு வரி கிடையாது. இட்டேரியில் ஓட்டினாலும், தோப்புக்குள் ஓட்டினாலும், பாலிசியில் சொன்ன காரணத்தால் சேதம் வந்தால் கேட்கலாம். தீ, இடி, திருட்டு, வெள்ளம், புயல், நிலச்சரிவு, பாறைச் சரிவு, வெளியிலிருந்து வரும் விபத்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மழைக்காலத்தில் மேலிருந்து கல் உருண்டு பானட்டில் விழுந்தால் அது பாறைச் சரிவு. திம்பம் பக்கம் யானை வந்து கதவை நசுக்கிவிட்டால் அதுவும் வெளியிலிருந்து வந்த விபத்துதான். அப்படி நடந்தால் வண்டியை நகர்த்துவதற்கு முன் போட்டோ எடுங்கள், வனத்துறையிடமோ போலீஸிடமோ எழுத்தில் ஒரு பதிவு வாங்கிவிடுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் எதுவும் கிடைக்காது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பர்கூர், கடம்பூர், ஆனைமலைப் பக்கம் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். வனத்துறை பிடித்து வைத்த வண்டிக்கோ, போட்ட அபராதத்துக்கோ எந்த பாலிசியும் பணம் தராது. அது யானையும் புலியும் நடமாடும் இடம், அவற்றின் வழியில் நாம் இன்ஜின் சத்தத்தோடு போய் நிற்கக் கூடாது. பட்டா நிலத்தில், ஓனரிடம் கேட்டு ஓட்டுங்கள்.

எதற்குப் பணம் வராது? தேய்மானம், இயந்திரக் கோளாறு, எலக்ட்ரிக்கல் கோளாறு. கிளட்ச் எரிந்தது, கியர்பாக்ஸ் பல் உடைந்தது, ஆக்ஸில் விட்டுப்போனது என்றால், மோதிய தடயம் இல்லாமல் கேட்க முடியாது. கல் குத்தி டயர் மட்டும் கிழிந்தாலும் வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால் டயருக்குப் பாதி.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜீப்காரர்கள் அதிகம் பணம் இழப்பது இதில்தான். அந்தியூரைத் தாண்டி ஒரு பள்ளத்தில், முந்தின நாள் மழையில் தண்ணீர் பானட் உயரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஜீப்பை இறக்கினார். நடுவில் நின்றுவிட்டது. பயத்தில் மூன்று தடவை செல்ஃப் அடித்தார். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் நான் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். ஃபில்டர் நனைந்து ஊதிப் போயிருந்தது, அடியில் செம்மண் சேறு ஒரு விரற்கடை படிந்திருந்தது. ஆயில் குச்சியை உருவினால் பால் டீ நிறத்தில் எண்ணெய். காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அங்கே நடந்தது அதுதான். தண்ணீர் புகுந்ததற்கான சுத்தம் செய்யும் செலவு, சீட், வயரிங் ஆகியவற்றுக்குப் பணம் வந்தது. இன்ஜின் அவர் தலையில் விழுந்தது. நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் அடுத்த கட்ட நஷ்டம், பாலிசியில் அதற்கு இடம் இல்லை. இன்ஜின் புரொடெக்‌ஷன் அவர் எடுத்திருக்கவில்லை. அந்த ரிப்போர்ட்டை எழுதும்போது எனக்கு மனசு கனமாகத்தான் இருந்தது.

ஆகவே இன்ஜின் புரொடெக்‌ஷன் உங்களுக்கு அவசியம். அது இருந்தாலும், தண்ணீரில் நின்றால் சாவியைத் தொடாதீர்கள். கயிறு போட்டு வெளியே இழுத்து, கம்பெனிக்குத் தகவல் சொன்ன பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அடிபட்ட வண்டியை ரிப்பேர் செய்யாமல் ஓட்டிச் சேதம் அதிகமானால் அந்தக் கூடுதல் சேதம் ஓனர் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. அடியில் கல் இடித்து ஆயில் ஒழுகும்போது 'ஊர் வரைக்கும் போயிரலாம்' என்று ஓட்டுவதும் இதில்தான் சேரும்.

வெளியே இழுக்கும் செலவு இன்னொரு விஷயம். வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை கொண்டு சேர்க்கக் காருக்குப் பொதுவான பாலிசியில் 1,500 ரூபாய்தான் எல்லை. சரிவில் கிடக்கும் ஜீப்பைக் கிரேன் வைத்து எடுக்க அது எந்த மூலைக்கு? ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுத்தால் தீரும் என்பார்கள். அதன் வாசகத்தை ஒரு தடவை படியுங்கள், பெரும்பாலும் வாகனம் வந்து சேரக்கூடிய ரோட்டில் நின்றால்தான் அவர்கள் வருவார்கள். தோப்புக்குள்ளிருந்து ரோடு வரை கொண்டு வருவது உங்கள் பாடு. இழுவைச் செலவுக்கான எல்லையைக் கூடுதல் பிரீமியம் கட்டி உயர்த்த முடியுமா என்று கம்பெனியிடம் கேளுங்கள்.

நண்பர்கள் வருவார்கள் என்றீர்கள். இங்கேதான் பழைய எம்எம் 540 ஜீப் மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டும். பழைய ஜீப்தானே என்று வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போடுவார்கள். அந்தப் பாலிசி எதிரே வருபவருக்கும் நடந்து போகிறவருக்கும் பொறுப்பேற்கும். தனியார் காருக்குள் சும்மா உட்கார்ந்து வரும் நண்பருக்குப் பொறுப்பேற்காது. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் வண்டிக்குள் இருப்பவர்களும் அடக்கம், 2012-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வண்டி உருண்டு நண்பருக்கு முதுகெலும்பு அடிபட்டால் வரும் நஷ்டஈட்டுத் தொகை ஒரு தோட்டத்தையே விற்க வைக்கும். நண்பர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவர் பேக்கேஜ் பாலிசி இல்லாமல் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்காக 15 லட்சம் ரூபாய் ஓனர் டிரைவர் விபத்துக் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். நண்பர்களிடம் டீசலுக்குப் பங்கு வாங்குவது வேறு, டூரிஸ்ட்டை ஏற்றி வாடகை வாங்குவது வேறு. வெள்ளை போர்டு வண்டியில் வாடகைச் சவாரி போனால் பாலிசி உதவாது.

அடுத்து, பழைய ஓனர் போட்ட பொருட்கள். வின்ச்சும் விளக்குகளும் எலக்ட்ரிக்கல் சாமான். அவற்றின் மதிப்பைத் தனியாகச் சொல்லி, பொதுவாக 4 சதவீதம் பிரீமியம் கட்டினால்தான் அவற்றுக்கு இழப்பீடு. இரண்டும் சேர்த்து 60,000 ரூபாய் என்றால் 2,400, ஜிஎஸ்டியோடு 2,832. பில் இல்லையென்றால் பழைய ஓனரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். இரும்பு பம்பரை நான் கழற்றச் சொல்வேன். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இந்த மாதிரி முன்பக்கத் தடுப்புகள் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு எதிரானவை என்று மாநிலங்களுக்கு எழுதியது. மோதினால் ஏர்பேக் விரிவதையும் அது கெடுக்கலாம், எதிரே வரும் சைக்கிள்காரருக்கும் ஆபத்து. டயர், வண்டி தயாரித்த கம்பெனி கொடுத்த அளவை விட எவ்வளவு பெரியது என்று பாருங்கள். சஸ்பென்ஷனைத் தூக்கி, உயரத்தை மாற்றியிருந்தால் அது ஆர்சியில் இருக்கும் வண்டியிலிருந்து மாறிவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரித்த கம்பெனி சொன்ன அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தெளிவாகவே சொன்னது. சர்வேயர் முதலில் ஆர்சியைப் பார்ப்பார், அப்புறம் வண்டியைப் பார்ப்பார்.

போட்டிகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால், பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் தாக்குப்பிடிக்கும் சோதனை எல்லாம் பாலிசியில் விலக்கப்பட்டவை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நேரம் குறித்து ஓட்டினாலும், ஒரு கிளப் நடத்தும் ஆஃப் ரோடு போட்டியில் கலந்துகொண்டாலும் இதே கதைதான். ராலிகளுக்கென்று தனி ஒப்புதல் வாங்க வழி இருக்கிறது, ஆனால் போட்டிக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். நேரமும் பரிசும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைச் சுற்று இதில் வராது.

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் பைக் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இதே விதிகள்தான் பெரும்பாலும். ஒன்று மட்டும் வேறு: பைக்கில் மாட்டிய பெட்டி, பை, விளக்கு தனியாகத் திருடு போனால் பணம் வராது, பைக்கோடு சேர்ந்து போனால்தான் வரும்.

கடைசியாக மச்சான் தோட்டத்து ஏடிவி. ரோட்டுக்குப் பதிவு செய்ய முடியாத வண்டிக்குப் பொதுவாக மோட்டார் பாலிசி கிடைக்காது. இங்கே விற்கும் ஏடிவிகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. தோட்டத்துக்குள்ளேயே ஓடட்டும் என்பீர்கள். ஆனால் தென்னந்தோப்பின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் போகப் பஞ்சாயத்து ரோட்டைக் குறுக்கே கடக்கிறார்கள் இல்லையா? அந்தப் பத்து அடி பொது இடம். இன்சூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அதை விடப் பெரியது, அங்கே யாருக்காவது அடிபட்டால் முழு நஷ்டஈடும் மச்சான் கையிலிருந்து போகும். தோட்டத்துக்குள்ளும், பொதுமக்கள் வந்து போகும் இடமாக இருந்தால் நீதிமன்றங்கள் 'பொது இடம்' என்பதற்கு விரிவாகவே பொருள் கொண்டிருக்கின்றன. பண்ணை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து ஓட்டுகிறார்கள் என்றால் மச்சான் பொதுப் பொறுப்பு பாலிசி பற்றிக் கேட்க வேண்டும். வீட்டு ஆட்களுக்குத் தனிநபர் விபத்து பாலிசி எடுத்து, அதில் சாகச விளையாட்டு விலக்கு எப்படி எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். குழந்தைகளை அதில் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அது மேட்டில் பின்பக்கமாகக் கவிழ்ந்தால் எடை முழுதும் ஓட்டுகிறவர் மேல்தான் விழும்.

ஆக, இரண்டில் 31,400 ரூபாய்க் கோட்டேஷன். அதிலும் போனஸைச் சரிபார்த்து, வின்ச்சையும் விளக்கையும் சேர்த்து, புதிதாக ஒரு கோட்டேஷன் கேளுங்கள். தொகை கொஞ்சம் ஏறும், ஏறட்டும். சின்ன உரசலுக்கெல்லாம் கிளைம் போடாதீர்கள். ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் வரை போகும் போனஸ் ஒரு கிளைமில் திரும்பச் சுழியத்துக்கு வந்துவிடும். கிளைமை நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) ஒரு வருஷத்துக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

நாளைக்கே பழைய ஓனரிடம் பேசி ஆர்சி மாற்றத்துக்கான கையெழுத்தையும் வின்ச் பில்லையும் வாங்கிவிடுங்கள். கம்பெனிக்கு அன்றைக்கே எழுதுங்கள், 14 நாள் தாண்டியிருந்தாலும் எழுதுங்கள், வண்டியை வந்து பார்த்துவிட்டு மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பாலிசியில் உங்கள் பெயர் வரும் வரை ஞாயிற்றுக்கிழமை வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.